போரிலும் ஓர் அறமா?

சேலம் மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில், சுவேத நதியின் கரையில் அமைந்துள்ளது தம்மம்பட்டி. மரச் சிற்பத்திற்குப் பேர்போன ஊர். அங்குள்ள பட்டறை ஒன்றின் வாசலில் சற்று நின்று பாருங்கள். வாகை மரத்துண்டு ஒன்று உளியடி பட்டுப் பட்டுக் குதிரை உருவம் கொண்டு எழுவதைக் காணலாம். நிமிர்ந்து தென்மேற்கே நோக்கினால், வானத்தின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு நிற்பது கொல்லிமலை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. இன்றும் மலைமேல் செம்மேட்டில் குதிரைமீது அமர்ந்த அவன் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள்.

ஓரியைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருக்கோவலூர் அவனுடைய ஊர். ஓரியும் கொடைவள்ளல், காரியும் கொடைவள்ளல். கடையெழு வள்ளல்களின் வரிசையில் இருவருக்கும் இடம் உண்டு. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். (இப்படிப் பெயர் வைத்தால் பாடும் புலவர்களுக்கு எத்தனை வசதி!) காரி கொல்லிமலையை வென்று, அதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று அகநானூற்றில் ஒரு செய்தி வருகிறது. ஓரி இறந்த பிறகு அவனுடைய ஊரின் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த பேரிரைச்சலைக் கபிலர் நற்றிணையில் ஓர் உவமையாக எடுத்துக்காட்டுகிறார். காதல் பாட்டு ஒன்றில், போகிற போக்கில் வரும் உவமை அது. போரின் கொடுமையைச் சொல்லவேண்டும் என்று எண்ணிச் சொன்னதன்று. அதனாலேயே அது நம்மைத் தைக்கிறது.

கதை அத்துடன் முடியவில்லை. சில காலம் கழித்து மலையமானின் பிள்ளைகள் சோழன் ஒருவன் கையில் சிக்கினார்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று நூல்கள் குறிப்பிடும் அரசன் அவன். பிள்ளைகளை யானையின் காலில் இடும்படி அவன் ஆணையிட்டான். அச்சிறுவர்கள் காரியின் மக்களே என்பது அறிஞர் பலரின் கருத்து.

யானை வந்து நிற்கிறது. மன்றம் கூடியிருக்கிறது. வென்றவன் அரசன், தோற்றவனின் பிள்ளைகள் அவன் கையில். அவனைத் தடுக்க ஏதேனும் சட்டம் உண்டா? போருக்கும் அறத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வியைத் தமிழர்கள் மட்டும் கேட்கவில்லை. கடலுக்கு அப்பால் கிரேக்கர்களும், இதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, மிகக் கூர்மையாகக் கேட்டார்கள். அவர்கள் கண்டது என்ன, நம்மவர் கண்டது என்ன என்று சேர்த்துப் பார்த்துவிட்டு, பிறகு அந்தச் சிறுவர்களிடம் திரும்பி வருவோம்.

எழுதாத சட்டம்

பண்டைய கிரேக்கம் ஒரே நாடு அன்று. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, தீப்ஸ், கொரிந்து என நூற்றுக்கணக்கான நகர அரசுகள். ஒரே மொழி, ஒரே தெய்வங்கள்; ஆனால் ஓயாத சண்டை. அவர்களுக்கெல்லாம் மேலே நின்று தீர்ப்புச் சொல்லப் பொதுவான நீதிமன்றம் இல்லை. எனினும் எல்லோரும் ஒப்புக்கொண்ட சில வழக்கங்கள் இருந்தன. எழுதி வைக்கப்படாத இவற்றைக் ‘கிரேக்கர்களின் பொது வழக்கு’ என்று அவர்கள் கூறினர். தூதனைக் கொல்லக்கூடாது. கோயிலில் அடைக்கலம் புகுந்தவனை இழுத்துவரக்கூடாது. செய்த சத்தியத்தை மீறக்கூடாது. ஒலிம்பிக் விழாவிற்குச் செல்வோரையும் அங்கிருந்து திரும்புவோரையும் வழியில் தாக்கக்கூடாது. போர் முடிந்ததும் தோற்றவர்கள் தங்கள் பிணங்களை எடுத்து அடக்கம் செய்ய இடம் கொடுக்கவேண்டும்.

கடைசியில் கூறிய வழக்கம் எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. கி.மு. 424-ஆம் ஆண்டில் டேலியம் என்ற இடத்தில் ஏதென்ஸ் படையும் பியோஷிய நாட்டுப் படையும் மோதின. ஏதென்ஸ் தோற்றது. (நாற்பது வயதைக் கடந்த வீரர் ஒருவர் அன்று ஏதென்ஸ் படையில் இருந்து பின்வாங்கினார். அவர் பெயர் சாக்ரட்டீஸ்.) வழக்கப்படி ஏதென்ஸின் தூதன் பிணங்களைக் கேட்டுச் சென்றான். பியோஷியர் தர மறுத்தனர். அவர்கள் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது: ‘நீங்கள் எங்கள் அப்போலோ தேவனின் கோயிலைக் கோட்டையாக்கிக்கொண்டு அதில் குடியிருக்கிறீர்கள், தெய்வத்திற்கென ஒதுக்கிய நீரை எடுத்துப் புழங்குகிறீர்கள். முதலில் வெளியேறுங்கள், பிறகு பிணங்களைக் கேளுங்கள்’ என்பதே அது. ஏதென்ஸ் தரப்பு விடவில்லை: ‘இடர்ப்பாட்டில் செய்த தவற்றைத் தெய்வம் மன்னிக்கும், பிணத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுவதுதான் பெரும்பாவம்’ என்றது. இருவருமே எதிரியை அறம் மீறியவன் என்றுதான் குற்றம் சாட்டினார்கள். அறம் என்று ஒன்றே இல்லை என்று இருவரில் ஒருவரும் கூறவில்லை. பதினேழாம் நாள் பியோஷியர் கோயிலை மீட்ட பிறகே பிணங்கள் கொடுக்கப்பட்டன. இத்தனை நாள் அவை வெட்டவெளியில் கிடந்தன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தூதர் விஷயத்தில் கிரேக்கர்களே தவறியதும் உண்டு. பாரசீகப் பேரரசன் டரையஸ், அடிபணிவதற்கு அடையாளமாக மண்ணும் நீரும் கேட்டு அனுப்பிய தூதர்களை ஏதென்ஸ் மக்கள் படுகுழியில் தள்ளினர். ஸ்பார்ட்டா மக்கள், ‘மண்ணும் நீரும் அங்கேயே இருக்கின்றன, எடுத்துக்கொள்’ என்று கிணற்றில் தள்ளினர். பின்னர் ஸ்பார்ட்டாவில் நிமித்தங்கள் தொடர்ந்து கெட்டவையாகவே அமைந்தன. குற்ற உணர்வு அவர்களை வாட்டியது. ஸ்பெர்த்தியாஸ், பூலிஸ் என்ற இரு குடிமக்கள் அந்தப் பழிக்கு ஈடாகத் தங்கள் உயிரைத் தர முன்வந்து பாரசீகத்துக்குச் சென்றனர். டரையஸின் மகன் செர்க்சஸ் அவர்களைக் கொல்லவில்லை. மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான வழக்கை மீறிய உங்களைப்போல் நானும் மீறமாட்டேன் என்று கூறித் திருப்பி அனுப்பினான் என்று ஹெரடோட்டஸ் எழுதுகிறார். கிரேக்கர்களுக்கு அறம் கற்பித்தவனாக ஒரு பாரசீக அரசனைக் காட்டுவதற்கு அந்த வரலாற்றாசிரியர் தயங்கவில்லை.

அம்பு விடுமுன் அறிவிப்பு

இனி நம் நாட்டைப் பார்ப்போம். நமக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று புறநானூறு. உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளிக்கொணர்ந்த நூல். அதன் ஒன்பதாம் பாட்டு, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பாண்டியனை நெட்டிமையார் பாடியது. அம்பு விடுவதற்கு முன்பு அம்மன்னன் சிலரை விலகச் சொல்லி அறிவிப்பானாம்: பசுக்கள், பசுப்போன்ற இயல்புடைய அந்தணர்கள், பெண்கள், நோயாளிகள், முன்னோர்க்குக் கடன் ஆற்றும் பிள்ளைப்பேறு இன்னும் பெறாதவர்கள். இவர்கள் பாதுகாப்பான இடத்திற்குப் போய்விட வேண்டும். பிறகே போர்.

இந்தப் பட்டியல் நம் சிந்தனைக்கு உரியது. கிரேக்க வழக்கு பெரும்பாலும் தெய்வத்தைச் சுற்றியே அமைந்தது: கோயில், தூதன், விழா, அடக்கம். ஊரில் இருக்கும் பெண்ணுக்கும் நோயாளிக்கும் அதில் தனியாக இடம் இல்லை. நெட்டிமையாரின் பட்டியலோ போரிட இயலாதவர்களைப் பிரித்து எடுக்கிறது. இன்று 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் ‘போரில் ஈடுபடாத குடிமக்கள்’ என்று கூறும் கருத்தின் சாயலை இதில் காணலாம். சாயல் மட்டுமே, அதற்குமேல் நீட்டக்கூடாது. பட்டியலில் உழவர் இல்லை, தச்சர் இல்லை, எல்லாக் குழந்தைகளும் இல்லை.

பசுக்களிடம் எப்படி அறிவிப்பது? அவற்றுக்கு நம் பேச்சு புரியாதே! தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் இதற்கு விடை தருகிறார். மற்றவர்கள் சொன்னால் கேட்டு விலகுவார்கள். ஆக்களுக்குச் சொன்னால் விளங்காது. எனவே அவற்றை ஓட்டிக்கொண்டு வந்து காப்பாற்றுவதே அறம். வெட்சித் திணையில் வரும் ஆநிரை கவர்தல் அதற்குத்தான் என்பது அவர் கருத்து. அழகான விளக்கம். ஆனால் கொஞ்சம் அதிகப்படியான அழகு என்றே எனக்குத் தோன்றுகிறது. மாட்டை ஓட்டிச் சென்றவனுக்கு அது செல்வம். இழந்தவனுக்கு அது பிழைப்பு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்து நடுகல் ஒன்று ஆகோள் பூசலில் இறந்த ஒருவனுக்காக நடப்பட்டது. தருமபுரி, செங்கம் பகுதிகளில் காணப்படும் பிற்கால நடுகற்களிலும் இதே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. மாட்டைக் காப்பாற்ற வந்தவர்கள் என்று எண்ணியிருந்தால் அவர்களை எதிர்த்து நின்று யாரும் உயிர் விட்டிருக்க மாட்டார்கள்.

போரைத் திணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவைச் சூட்டிக்கொண்டு சென்றதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், வஞ்சி என்றால் படையெடுப்பு, உழிஞை என்றால் முற்றுகை, தும்பை என்றால் களத்தில் நேருக்கு நேர் மோதுவது, வாகை என்றால் வெற்றி. நிலத்துக்காகவோ செல்வத்துக்காகவோ அல்லாமல், யார் வலியவர் என்பதைக் காட்டவே நடக்கும் போரைத் தொல்காப்பியம் தும்பை என்கிறது. கிரேக்கரிடமும் இத்தகைய போர் இருந்தது. நாள் குறித்து, சமவெளியைத் தேர்ந்தெடுத்து, கேடயத்தோடு கேடயம் உரச மோதுவார்கள். ஒளிந்துகொள்ள மேடு பள்ளம் இருக்கும்போது வேண்டுமென்றே சமதரையைத் தேடுகிறார்களே, இவர்களுக்குப் புத்தி இல்லையா என்று பாரசீகத் தளபதி மார்டோனியஸ் கேலி செய்ததாக ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

அதே புலவர், அதே மன்னன்

இதுவரை படித்ததும், ‘பழங்காலத்துப் போர்தான் எத்தனை நாகரிகமானது!’ என்று நீங்கள் எண்ணக்கூடும். அவசரப்பட வேண்டாம். புறநானூற்றில் இன்னும் ஆறு பாட்டுகள் தள்ளிப் பாருங்கள். பதினைந்தாம் பாட்டு. பாடியவர் அதே நெட்டிமையார். பாடப்பட்டவன் அதே முதுகுடுமி. பகைவர் ஊரின் தெருக்களில் கழுதைகளை ஏரில் பூட்டி உழுது அதைப் பாழாக்கினான். விளைந்த வயல்களில் குதிரைகள் பூட்டிய தேரைச் செலுத்தினான். குடிநீர்க் குளங்களில் யானைகளை இறக்கிக் கலக்கினான். இவையும் புகழாகவே பாடப்படுகின்றன. அடுத்த பாட்டில் பாண்டரங்கண்ணனார், சோழன் பெருநற்கிள்ளி பகைநாட்டு வயல்களைக் கவர்ந்து, வீட்டு மரங்களை விறகாக்கி, ஊர்களைத் தீயிட்டதைப் பாடுகிறார்.

அம்பு விடுமுன் நோயாளியை விலகச் சொன்னவனே, அந்த நோயாளி குடிக்க வேண்டிய குளத்தையும் கலக்கினான். இது முரண்பாடு இல்லையா? முரண்பாடுதான். அதை மறைக்க முயல்வது நேர்மையாகாது. இந்த ஒன்பதாம் பாட்டைப் பள்ளியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பதினைந்தாம் பாட்டை யாரும் சொல்வதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் அக்காலம் நமக்கு விளங்கும்.

வயலையும் குளத்தையும் ஏன் அழித்தார்கள்? காரணம் எளிது. மதிலை இடிக்கும் கருவிகள் குறைவாக இருந்த காலம். உள்ளே அடைபட்ட அரசனை வெளியே வரவழைக்க வேண்டுமானால், அவனுடைய நெல் எரிவதை அவன் பார்க்க வேண்டும். கிரேக்கத்திலும் இதே கணக்குதான். அங்கே கோதுமையும் பார்லியும் முற்றும் பருவத்தில் படையெடுப்பார்கள். ஒலிவ மரங்களையும் திராட்சைக் கொடிகளையும் வெட்டுவார்கள். நெல் ஓர் ஆண்டில் மறுபடி விளையும். ஒலிவ மரம் நட்டால் நன்றாகக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே மரத்தை வெட்டுவது அடுத்த தலைமுறையைத் தண்டிப்பதாகும்.

நம் புலவர் ஒருவரும் மரத்துக்காகப் பேசியிருக்கிறார். பாண்டியன் நன்மாறனிடம் காரிக்கண்ணனார் சொல்வது: ‘பகைவர் வயலை உன் வீரர்கள் கொள்ளையிடட்டும், ஊரைத் தீ தின்னட்டும், ஆனால் அவர்களுடைய காவல்மரங்களை மட்டும் வெட்டாதே. உன் பெரிய யானைகளைக் கட்டும் தறியாக நிற்க அம்மரங்களுக்கு வலிமை போதாது.’ மரத்தைக் காப்பாற்ற அரசனின் யானையைப் புகழவேண்டியிருக்கிறது! வயலையும் ஊரையும் விட்டுக்கொடுத்து, மரத்தை மட்டும் கேட்டுப் பெறுகிறார். கிடைப்பதைக் கேட்பவரின் தந்திரம் இது என்றே நினைக்கிறேன்.

உழவரைப் பற்றி ஒரு கிரேக்கர் எழுதியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் செலூக்கஸின் தூதராகச் சந்திரகுப்த மௌரியனிடம் வந்தவர் மெகஸ்தனிஸ். இந்தியாவில் இரு படைகள் மோதிக்கொண்டிருக்கும்போதே, அருகில் உழவர்கள் அச்சமின்றி ஏர் ஓட்டுவார்கள் என்றும், அவர்களை யாரும் தொடமாட்டார்கள் என்றும், மரங்களை வெட்டுவதோ நிலத்தை எரிப்பதோ கிடையாது என்றும் அவர் எழுதியதாகப் பிற்காலக் கிரேக்க ஆசிரியர்கள் எடுத்துக்கூறுகிறார்கள். தம் நாட்டில் நடப்பதற்கு நேர்மாறாக இருந்ததால் அது அவரை வியக்க வைத்திருக்க வேண்டும். பாண்டரங்கண்ணனார் பாட்டை அவர் படித்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார்.

நம்மவன் யார், பகைவன் யார்?

கிரேக்கச் சிந்தனையாளர்களில் பிளேட்டோ இக்கேள்வியை நேரடியாகத் தொட்டார். ‘குடியரசு’ என்ற நூலின் ஐந்தாம் பகுதியில், கிரேக்கர் கிரேக்கரோடு இடும் சண்டை போரே அன்று, அது ஒரு குடும்பத்துக்குள் வந்த நோய் என்கிறார். ஆகவே வீடுகளை எரிக்கக்கூடாது, நிலத்தைப் பாழாக்கக்கூடாது, தோற்ற கிரேக்கரை அடிமையாக்கக்கூடாது, பிணத்தின்மேல் உள்ளதைக் கவரக்கூடாது. அந்த ஆண்டின் விளைச்சலை எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒருநாள் சமாதானம் ஆகவேண்டியவர்கள் என்ற நினைவோடு சண்டையிட வேண்டும். மிக உயர்ந்த கருத்து. ஆனால் இதன் மறுபக்கத்தையும் அவரே சொல்லிவிடுகிறார்: இப்போது கிரேக்கர்கள் ஒருவரையொருவர் நடத்தும் முறையில் அந்நியர்களை நடத்தலாம். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில், போரின் நோக்கம் அமைதியே என்று கூறியவர். அவரே, அடிமையாக இருக்கவே பிறந்தும் அதற்கு இணங்காதவர்கள்மீது தொடுக்கும் போர் இயற்கையில் நியாயமானது என்றும் எழுதினார். அறத்தின் வேலி எங்கே முடிகிறது என்பதை இவ்விருவரும் காட்டிவிட்டனர்.

தமிழகத்தில் இதற்கு இணையானவர் கோவூர் கிழார். சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளி, அதே குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளியை உறையூரில் முற்றுகையிட்டான். புலவர் இருவருக்கும் எடுத்துரைத்தார்: உன்னோடு போரிடுபவன் பனம்பூ அணிந்த சேரனும் அல்லன், வேப்பம்பூ அணிந்த பாண்டியனும் அல்லன், உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே, இருவரும் வெல்வது நடவாத காரியம். பிளேட்டோ கூறிய அதே வாதம். பிளேட்டோவின் வேலியும் இதில் இருக்கிறது. எதிரே நின்றவன் சேரனாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

ஆயினும் கோவூர் கிழாரிடம் பிளேட்டோவிடம் இல்லாத ஒன்று உண்டு. ஆவூர்க் கோட்டை முற்றுகைக்குள்ளானபோது, கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த நெடுங்கிள்ளியிடம் அவர் வேறு விதமாகப் பேசினார். உள்ளே பாலின்றி அலறும் குழந்தைகளையும், பூவின்றி வெறுங்கூந்தல் முடிக்கும் பெண்களையும், நீரின்றி வருந்தும் வீட்டாரையும் வரிசையாகக் காட்டினார். அறவழியில் நிற்பவனானால் ஊரை அவனிடம் கொடுத்துக் கதவைத் திற. வீரனானால் போருக்குக் கதவைத் திற. இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒடுங்கியிருப்பது வெட்கம் என்றார். முற்றுகையில் முதலில் சாவது யார் என்பதை அரசன் முகத்துக்கு நேரே கூறிய சொல் இது. இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று ஐயுற்று அதே நெடுங்கிள்ளி கொல்லப் போனபோதும், இவரே பாடி மீட்டார். இவ்வளவு சொல்லியும் போர் நிற்கவில்லை. நெடுங்கிள்ளி காரியாற்றில் இறந்தான் என்பதை அவனுடைய பெயரோடு ஒட்டிய அடைமொழியே நமக்குத் தெரிவிக்கிறது.

வென்றவனே தன் குற்றத்தைச் சொல்லிக்கொண்ட நிகழ்ச்சி உலகில் மிக அரிது. அசோகனின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு அத்தகையது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர், அதைவிடப் பலர் பின்னர் மாண்டனர் என்று அதில் அவனே கூறி வருந்துகிறான். தரும வெற்றியே உண்மையான வெற்றி என்று கூறி, அது பரவிய இடங்களாக அன்டியோகஸ் முதலிய ஐந்து கிரேக்க அரசர்களின் நாடுகளையும், தெற்கே சோழ பாண்டிய நாடுகளையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறான். இதே கல்வெட்டின் தொடக்கப் பகுதி கிரேக்க மொழியில் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் 1963-ஆம் ஆண்டில் கிடைத்தது. கலிங்கத்தில் செத்தவர்களின் கணக்கைக் கிரேக்கர்கள் தங்கள் மொழியிலேயே படித்திருக்கிறார்கள். ஆனால் இந்த வருத்தக் கல்வெட்டு கலிங்க நாட்டில் இல்லை. தௌலியிலும் ஜௌகடத்திலும் உள்ள பாறைகளில் அது வெட்டப்படாமல் விடப்பட்டது.

இரண்டாவது கப்பல்

வென்றவன் தானே வருந்துவது அரிது. பிறர் சொல்லி அவன் மனம் மாறுவது அதைவிடச் சற்று எளிது. அதற்குக் கிரேக்க வரலாற்றில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மிட்டிலீனி நகரத்தின் கதை. துசிடிடஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை நமக்குத் தந்திருக்கிறார்.

லெஸ்பாஸ் தீவிலுள்ள மிட்டிலீனி, ஏதென்ஸுக்கு அடங்கிய நட்பு நகரம். கி.மு. 428-இல் அது கலகம் செய்தது. அடுத்த ஆண்டு பணிந்தது. செய்தி ஏதென்ஸுக்கு வந்தது. மக்கள் மன்றம் கூடியது. கோபம் தலைக்கேறிய கூட்டம், அந்நகரத்து ஆண்கள் அனைவரையும் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்பது என்று தீர்மானித்தது. உடனே ஒரு கப்பல் அந்த ஆணையோடு புறப்பட்டது.

விடிந்ததும் பலருக்கு மனம் உறுத்தியது. குற்றம் செய்தவரை விட்டு ஊர் முழுவதையும் கொல்வதா? மன்றம் மறுபடி கூடியது. இரக்கம் பேரரசுக்கு எதிரி, நேற்றுச் செய்த முடிவை இன்று மாற்றுபவர்களுக்கு ஆளத் தெரியாது என்று கிளியோன் முழங்கினான். அவனை மறுத்தவன் டியோடோட்டஸ். அவன் எப்படிப் பேசினான் தெரியுமா? இரக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ‘அவர்கள் குற்றவாளிகளா என்று விசாரிக்க நாம் கூடவில்லை, நமக்கு எது லாபம் என்று பார்க்கக் கூடியிருக்கிறோம். எல்லோரையும் கொல்வோம் என்று தெரிந்தால், இனிக் கலகம் செய்யும் நகரம் கடைசி மனிதன் சாகும்வரை பணியாது. நமக்கு முற்றுகைச் செலவு, முடிவில் கிடைப்பது பாழூர்’ என்றான். கை தூக்கி வாக்களித்தார்கள். மிகச் சிறிய வேறுபாட்டில் டியோடோட்டஸ் வென்றான்.

ஆனால் முதல் கப்பல் போய் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிட்டதே! இரண்டாவது கப்பல் விரைந்தது. மூன்று அடுக்காக நூற்றெழுபது பேர் துடுப்பு வலிக்கும் போர்க்கப்பல் அது. ஏதென்ஸில் இருந்த மிட்டிலீனித் தூதர்கள் திராட்சை மதுவும் பார்லி மாவும் ஏற்றிக் கொடுத்து, முந்திச் சென்றால் பெரும் பரிசு என்றார்கள். துடுப்புக்காரர்கள் வலித்துக்கொண்டே மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். நல்ல வேளையாக எதிர்க்காற்று இல்லை. முதல் கப்பலும் விரும்பத்தகாத வேலைக்குப் போவதால் மெதுவாகவே சென்றது. ஏதென்ஸ் தளபதி கொலை ஆணையைப் படித்து முடித்து, நிறைவேற்றப் போகும் நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

நகரம் பிழைத்தது. எனினும், கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கிளியோனின் சொற்படி கொல்லப்பட்டனர் என்பதையும் துசிடிடஸ் மறைக்கவில்லை. பதினோர் ஆண்டுகள் கழித்து, கி.மு. 416-இல், மீலாஸ் என்ற சிறு தீவை இதே ஏதென்ஸ் முற்றுகையிட்டது. நியாயம் என்பது சம வலிமை உள்ளவர்களுக்கு இடையேதான் செல்லும் என்று அதன் தூதர்கள் அத்தீவு மக்களிடம் வெளிப்படையாகவே கூறினார்கள். தீவு வீழ்ந்தது. ஆண்கள் கொல்லப்பட்டனர், பெண்களும் குழந்தைகளும் விற்கப்பட்டனர். அம்முறை இரண்டாவது கப்பல் எதுவும் போகவில்லை.

மன்றத்தில் சிறுவர்கள்

இப்போது யானைக்கு முன் நிற்கும் மலையமான் பிள்ளைகளிடம் வருவோம். அங்கே பேச எழுந்தவர் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அதே கோவூர் கிழார்தான். பாட்டு புறநானூற்றில் நாற்பத்தாறாவது.

அவரிடம் படை இல்லை. வாக்களிக்க மக்கள் மன்றம் இல்லை. முடிவு செய்பவன் ஒருவனே. டியோடோட்டஸைப்போல லாப நஷ்டக் கணக்கும் அவர் பேசவில்லை. முதலில் அரசனுடைய முன்னோனை நினைவூட்டினார்: நீ, ஒரு புறாவின் துயர் தீர்க்கத் தன்னையே கொடுத்தவன் வழியில் வந்தவன். பிறகு சிறுவர்களைக் காட்டினார்: இவர்கள், அறிவால் உழுது உண்ணும் புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் வழியில் வந்தவர்கள். அதன்பின் அந்த மன்றத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றையே சொன்னார். சிறுவர்கள் அழுதுகொண்டு வந்தார்கள். யானையைக் கண்டதும் அந்த வேடிக்கையில் அழுகையை மறந்துவிட்டார்கள். கூடியிருக்கும் கூட்டத்தை மருண்டு மருண்டு பார்க்கிறார்கள். தங்களைக் கொல்லத்தான் அந்த யானை நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் சொல்வதைக் கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பம்போல் செய் என்று முடித்துவிட்டார். மன்றாடவில்லை, மிரட்டவும் இல்லை.

பாட்டின் அடியில் உள்ள பழங்குறிப்பு, புலவர் இதைப் பாடி அச்சிறுவர்களைப் பிழைக்க வைத்தார் என்று கூறுகிறது. மலையமான் என்ற குடிப்பெயர் அதன்பின் பல நூற்றாண்டுகள் திருக்கோவலூர்ப் பகுதியில் வழங்கியது. கி.பி. பத்தாம் நூற்றாண்டில், அந்தப் பெயர் தாங்கிய தலைவர் குடியில் பிறந்த வானவன்மாதேவி, சுந்தரசோழனை மணந்தாள். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு அதைக் குறிப்பிடுகிறது. அவளுடைய மகன்தான் முதலாம் இராசராச சோழன்.